ஏர் பிஸ்டல்: குண்டு விழுந்த இடத்தை வைத்து நிற்பதையும் கை தூக்குவதையும் சரிசெய்வது

10 மீட்டர் ஏர் பிஸ்டலில் குண்டு இடப்பக்கம் விழுந்தால் பலருக்கும் கை முதலில் போவது ரியர் சைட் (கண்ணுக்குப் பக்கத்தில், நடுவில் பள்ளமுள்ள பின்குறிகாட்டி) திருகுக்குத்தான். நாலு க்ளிக் திருப்புவார்கள். அடுத்தது வலப்பக்கம் விழும். எதிர்த்திசையில் மூன்று க்ளிக். ஒரு மணி நேரம் போனபின் சைட் முதலில் எங்கே இருந்தது என்பதே தெரியாது. திருகு குற்றவாளியாக இருப்பது அபூர்வம். பாதம், இடுப்பு, தோள், மணிக்கட்டு, விரல் என்று தரையிலிருந்து மேலே ஏறிப் பார்த்துவிட்டுக் கடைசியாகத் தொடவேண்டிய பொருள் அது.

கீழே உள்ளவை வலது கையால் சுடுபவரை மனதில் வைத்து எழுதியவை; இடதுகைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். 25 மீட்டர் பிஸ்டலின் வேகச் சுற்றும் பின்னால் வருகிறது. ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) போட்டிகளில் இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவும் வேலை கிடையாது. கீழே இறங்கியிருக்கும் கையைக் குறிக்குக் கொண்டுவருகிற ஒற்றை அசைவுதான் இங்கே 'கை தூக்குவது'.

எந்தச் சோதனையாக இருந்தாலும் குழல் எப்போதும் குறி இருக்கும் திசையில். ட்ரை ஃபயர் (குண்டு போடாமல் டிரிகரை மட்டும் இழுத்துப் பழகுவது) செய்யும்போது குழலுக்குள் பெல்லட் (ஏர் பிஸ்டலின் குண்டு) இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் நெம்புகோலை மூட வேண்டும். பெல்லட் டப்பா மேசையில் இருக்கவே கூடாது. பையில் போட்டு ஜிப்பை மூடுங்கள். கீழே வைக்கிற ஒவ்வொரு முறையும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு குழலுக்குள் போக வேண்டும்.

முதலில் ஒரு சோதனை: 10 குண்டு, சைட்டைத் தொடாமல்

ஒவ்வொரு குண்டுக்கும், டிரிகர் விடுபட்ட கணத்தில் ஃப்ரண்ட் சைட் (குழல் நுனியில் உள்ள முன்குறிகாட்டி) எங்கே இருந்தது என்பதை, குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் மானிட்டரைப் பார்க்கும் முன்பே எழுதிவிடுங்கள். கடிகார முள் கணக்குப் போதும்: "9 புள்ளி, 8 மணிப் பக்கம்", "நடு 10". பிறகு மானிட்டர். எழுதியதும் விழுந்ததும் பெரும்பாலும் பொருந்தினால் உங்கள் கண் வேலை செய்கிறது, பிழை உடம்பில். "நடு 10" என்று எழுதியது 7இல் விழுந்திருந்தால், டிரிகர் விடுபட்ட கணத்தை நீங்கள் பார்க்கவே இல்லை. கண் கருப்பு வட்டத்துக்குத் தாவியிருக்கும், இல்லாவிட்டால் இமைத்திருக்கும். இந்த இரண்டு நிலைமைக்கும் மருந்து வேறு வேறு. அதனால் இந்தத் தாள் இல்லாமல் மேலே போகாதீர்கள்.

கூடவே ஒரு கணக்கு. 10 வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., பெல்லட் 4.5 மி.மீ. வளையக் கோட்டைத் தொட்டாலே அந்தப் புள்ளி உண்டு. எனவே பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து 8 மி.மீ. விலகும்வரை 10தான், அதன்பின் ஒவ்வொரு 8 மி.மீ.க்கும் ஒரு புள்ளி போகிறது. இரண்டு சைட்டும் ஒன்றுக்கொன்று நேராக இருக்க, கை மொத்தமாக 8 மி.மீ. நகர்ந்தாலும் 10 கிடைக்கும். ஆனால் ரியர் சைட் பள்ளத்துக்குள் ஃப்ரண்ட் சைட் 1 மி.மீ. ஒதுங்கினால்? இரண்டுக்கும் இடையே 330 மி.மீ. தூரம் என்று வைத்தால் அந்த 1 மி.மீ. குறியில் 30 மி.மீ. ஆகிவிடும். புள்ளி 7. அரை மி.மீ. ஒதுங்கினால் 15 மி.மீ., 9. கை ஆடுகிறதே என்று கவலைப்படுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். கை எல்லோருக்கும் ஆடும். ஆடிக்கொண்டே சைட் இரண்டும் நேராக இருந்தால் பயமில்லை.

அறிகுறி: குண்டுகள் நெருக்கமாக விழுகின்றன, ஆனால் நடுவில் இல்லை

சைட் திருகைத் தொட அனுமதி உள்ள ஒரே இடம் இது. 10 குண்டும் ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் ஓரிடத்தில் விழுந்திருந்தால், அந்தக் கூட்டத்தின் மையத்தைப் பார்த்துத் திருப்புங்கள். ஒற்றைக் குண்டைப் பார்த்துத் திருப்பாதீர்கள். ஒரு க்ளிக் எத்தனை மி.மீ. நகர்த்தும் என்பது பிஸ்டலுக்குப் பிஸ்டல் மாறும். 10 க்ளிக் திருப்பிச் சுட்டுப் பார்த்து, நகர்ந்த தூரத்தைப் பத்தால் வகுத்துப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.

அறிகுறி: குண்டுகள் இடவலமாகக் கோடு போட்டதுபோல் பரவுகின்றன

முதல் சந்தேகம் பாதத்தின் மேல். உடம்பு இயல்பாகக் கை நீட்டும் திசை ஒன்று, குறி இருக்கும் திசை இன்னொன்று. நடுவிலுள்ள வித்தியாசத்தைத் தோளும் மணிக்கட்டும் இழுத்துப் பிடித்துச் சரிக்கட்டுகின்றன. தசை இழுத்துப் பிடித்தது டிரிகர் விடுபடும் கணத்தில் தளரும். சில முறை கொஞ்சமாக, சில முறை அதிகமாகத் தளர்வதால்தான் குண்டுகள் ஓரிடத்தில் சேராமல் கோடாகின்றன.

சோதிக்கும் முறை இது. வழக்கம்போல் நின்று, கையைத் தூக்கிக் குறிக்குக் கொண்டுவாருங்கள். கண்ணை மூடுங்கள். கையைக் கொஞ்சம் இறக்கி மறுபடி தூக்குங்கள். இரண்டு மூச்சு விட்டு, தோளைத் தளர்த்தி, கண்ணைத் திறங்கள். திறந்தவுடன் சைட் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் உடம்பு சொல்லும் திசை. திறந்த கையோடு திருத்திவிடக் கூடாது. பலர் தங்களை அறியாமல் அரை விநாடியில் திருத்திவிட்டு "சரியாகத்தான் இருக்கிறது" என்பார்கள். பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்து, கண் திறந்த கணத்தில் "இடம்" அல்லது "வலம்" என்று உங்களையே சொல்லச் சொன்னால் ஏமாற்ற முடியாது. மூன்று முறை செய்து, மூன்றும் ஒரே பக்கம் காட்டினால்தான் கணக்கு.

திருத்துவது கையால் இல்லை, பின்காலால். வலது பாதம் குறிக்குப் பக்கத்தில், இடது பாதம் பின்னால். சைட் குறிக்கு இடப்பக்கம் நின்றால், குறியைப் பார்த்த நிலையில் இடப்பக்கமாக, அதாவது உங்கள் நெஞ்சு பார்க்கும் பக்கமாக, இடது பாதத்தை நகர்த்துங்கள். வலப்பக்கம் நின்றால் முதுகுப் பக்கமாக. பிழை எந்தப் பக்கமோ பின்கால் அந்தப் பக்கம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு? இரண்டு பாதத்துக்கும் இடையே 45 செ.மீ. இருந்து, உடம்பு ஒரே கட்டையாகத் திரும்பினால், பின்காலின் 1 செ.மீ. அசைவு 10 மீட்டரில் ஏறத்தாழ 22 செ.மீ. ஆகிறது. கருப்பு வட்டத்தின் மொத்த விட்டமே 59.5 மி.மீ. தான். நிஜத்தில் இடுப்பும் தோளும் கொஞ்சம் தின்றுவிடும், அவ்வளவு முழுசாகத் திரும்பாது. இருந்தாலும் பாதத்தைத் தூக்கி வைப்பதெல்லாம் அதிகம். குதிகாலை ஊன்றிக்கொண்டு முன்பாதத்தை ஒரு நகக்கண் அளவு திருப்பினாலே மாற்றம் தெரியும்.

சரியான இடம் கிடைத்ததும் இரண்டு பாதத்தைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போடுங்கள். போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம். நடுவில் தண்ணீர் குடிக்க நகர்ந்து திரும்பி வந்து நிற்கும்போது 1 செ.மீ. தவறுவது சர்வசாதாரணம். கோடு இருந்தாலும் கண்மூடிச் சோதனையை ஒருமுறை செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

பாதம் சரி, இன்னும் கோடு போகவில்லை என்றால் பார்வைக் கோணத்தைப் பாருங்கள். குறிக்கு முழுசாகப் பக்கவாட்டில் நிற்பவர்களுக்குக் கழுத்து எல்லைவரை திரும்பவேண்டியிருக்கும். கண் ஓரத்தால் பார்க்கும். கண்ணாடி போட்டவர்களுக்கு லென்சின் ஓரம் வழியே எல்லாம் மங்கும். உடம்பை 15 முதல் 30 டிகிரி குறியை நோக்கித் திறந்து நின்றால் கழுத்து இளகும். அதிகம் திறந்தால் கைக்குத் தோளிலிருந்து கிடைக்கும் தாங்கல் குறைந்து, பக்கவாட்டு ஆட்டம் கூடும். தலை நிமிர்ந்து, சாயாமல், லென்சின் நடுவில் பார்வை போகிற கோணமே உங்களுக்கானது.

அறிகுறி: உடம்பு முன்னும் பின்னும் ஊசலாடுகிறது, அல்லது அரைமணியில் இடுப்பு வலிக்கிறது

ஏறக்குறைய ஒரு கிலோ எடையைக் கைநீளத்துக்கு அப்பால் பிடிக்கும்போது உடம்பு எங்காவது ஈடுகட்டியாக வேண்டும். நல்ல நிலையில் இடுப்புக்கு மேலே உடம்பு மொத்தமாகக் குறிக்கு எதிர்ப்பக்கம் மிகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். எடை இரண்டு பாதத்திலும் சமமாக இருக்கும். கெட்ட நிலையில் கீழ்முதுகு மட்டும் வில்லாக வளையும். வலி அங்கேதான் வரும். இடுப்பைக் குறியை நோக்கி ஒரு விரல்கடை தள்ளி, விலா எலும்பைக் கீழே இறக்கினால் வளைவு போய்விடும்.

முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிவிடாதீர்கள். நேராக இருக்கட்டும், இறுகக் கூடாது. பாதங்களுக்கு இடையே தோளகலம் அல்லது அதைவிடச் சற்றுக் குறைவு. அகலமாக நின்றால் உறுதி என்று நினைத்து ஒரு மீட்டர் விரிப்பவர்களுக்கு இடுப்பு பூட்டிக்கொள்ளும், ஆட்டம் தோளில் வெளிப்படும்.

சும்மா இருக்கும் இடது கை பற்றி ஒரு வார்த்தை. பாரிஸ் 2024இல் துருக்கியின் யூசுஃப் டிகெச் பாக்கெட்டில் கைவிட்டுச் சுட்ட படம் உலகம் முழுக்கச் சுற்றியபோது அதை ஏதோ அலட்சியமான பாணி என்று எழுதினார்கள். பிஸ்டல்காரர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நிற்கிறார்கள். தொங்கும் கை ஊசல். மூச்சுக்கு மூச்சு ஆடி இடது தோளை இழுக்கும். பாக்கெட்டிலோ பெல்ட்டில் கட்டைவிரலைக் கொக்கிபோல் மாட்டியோ அதை ஓரிடத்தில் கட்டிவிட வேண்டும். எப்போதும் ஒரே பாக்கெட், ஒரே ஆழம். புது பேன்ட்டில் பாக்கெட் மேலே ஏறியிருந்தால் தோளும் ஏறும், குண்டு நகரும். காரணம் தெரியாமல் ஒரு வாரம் தவிப்பீர்கள்.

அறிகுறி: கையைத் தூக்கியவுடன் ஃப்ரண்ட் சைட் ஒவ்வொரு முறையும் பள்ளத்தின் ஒரே ஓரத்தில் வந்து நிற்கிறது

இது கிரிப் (கைப்பிடி) கோளாறு. மணிக்கட்டை வளைத்து நடுவுக்குக் கொண்டுவருவது பழகிப்போய், பலர் இதைக் கவனிப்பதே இல்லை. மேலே சொன்ன அதே கண்மூடிச் சோதனைதான். இப்போது குறியைப் பார்க்காமல், சைட் இரண்டும் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்று மட்டும் பாருங்கள்.

பிஸ்டலை வலது கையால் எடுத்துப் பொத்திக்கொள்ளாதீர்கள். இடது கையால் குழல் பக்கம் பிடித்து, வலது கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள கவட்டில் கிரிப்பின் முதுகை அழுத்தி நுழையுங்கள். கவடு எவ்வளவு மேலே ஏறுமோ அவ்வளவு. பிறகு நடுவிரலும் மோதிரவிரலும் நேராகப் பின்னோக்கி அழுத்தட்டும். சுண்டுவிரல் சும்மா தொடட்டும். கட்டைவிரல் கிரிப்பின்மேல் ஓய்வாக இருக்கட்டும். சைட் இன்னும் ஓரத்தில் நின்றால், பிஸ்டலைக் கைக்குள் இம்மியளவு சுழற்றி மறுபடி பிடியுங்கள். சரியான பிடி கிடைத்ததும் அந்தப் பிடியிலேயே எங்கே இடைவெளி இருக்கிறது என்று பார்த்து மரப்புட்டியால் நிரப்பிக்கொள்ளலாம். ஒரே நாளில் நிறைய அப்பாதீர்கள், ஒரு மி.மீ. வைத்து, 200 குண்டு சுட்டு, பிறகு அடுத்தது. அரத்தால் தேய்த்ததை ஒட்டுவதைவிடப் புட்டியைத் தேய்த்து எடுப்பது சுலபம்.

சைட் ஓரமாக இல்லாமல் எப்போதும் தாழ்ந்தோ உயர்ந்தோ வந்தால் கிரிப்பின் சாய்வைப் பாருங்கள். இப்போதைய போட்டிப் பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றில் கிரிப் திருகைத் தளர்த்திச் சாய்வை மாற்ற முடியும். மணிக்கட்டு தன் எல்லைக்குப் பக்கத்தில் இறுகி நிற்கிற சாய்வே நல்லது. பாதி வழியில் நிற்கும் மணிக்கட்டுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு புத்தி.

அறிகுறி: 7, 8 மணித் திசையில் குண்டு தப்புகிறது

ரேஞ்ச் சுவர்களில் எட்டுக் கூறு போட்ட வட்டப்படம் ஒன்று தொங்கும்: இங்கே விழுந்தால் இந்தத் தவறு, அங்கே விழுந்தால் அந்தத் தவறு என்று. அதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சைட் சரியாக வைக்கப்பட்டிருந்து, ஒற்றைக்கையால் சுட்டு, பாதமும் கிரிப்பும் சரியாக இருந்தால் மட்டுமே அந்தப் படம் பேசும். ஆனால் வலதுகைக்காரருக்குக் கீழ்-இடது என்றால் டிரிகர் என்பது மட்டும் பெரும்பாலும் பலிக்கிறது.

நடப்பது என்னவென்றால், சைட் அழகாக நிற்பதைக் கண்டதும் "இப்போது!" என்று மூளை சொல்லும். சுட்டுவிரல் மட்டும் அசைவதற்குப் பதில் ஐந்து விரலும் சேர்ந்து பொத்தும். எலுமிச்சம்பழம் பிழிவதுபோல. பிஸ்டலின் மூக்கு கீழும் இடப்பக்கமும் இறங்கும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் இரு மடங்கு.

டிரிகர் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு கட்டமாக அமைந்த டிரிகரில் முதல் கட்டத்துக்கே 350 முதல் 400 கிராம் போய்விடும்படி வைத்தால், விடுபட மிச்சம் 100 முதல் 150 கிராம். முதல் கட்டத்தில் தயங்காதீர்கள். குறிப்பகுதிக்குள் சைட் இறங்கும்போதே அதை எடுத்துவிட வேண்டும். இரண்டாவது கட்டத்தில் விரல் நின்று காத்திருக்கக் கூடாது. எடை கூடிக்கொண்டே போகட்டும், எப்போது விடுபடும் என்று உங்களுக்கே தெரியவேண்டாம். விரலின் நுனிக்கணுவின் சதைப்பற்றான நடுப்பகுதி டிரிகரில் பட வேண்டும். மடிப்பில் பட்டால் பக்கவாட்டில் இழுக்கும். சுட்டுவிரலின் உட்பக்கம் கிரிப்பின் மரத்தைத் தொடுகிறதா பாருங்கள். ஒரு தாளை இடையில் நுழைத்துப் பார்த்தால் தெரியும். தாள் மாட்டிக்கொண்டால் டிரிகரை இழுக்கும்போது மரத்தையும் தள்ளுகிறீர்கள். (சாதனப் பரிசோதனையில் சரியாக 500இல் வைத்த டிரிகர் சிக்கிக்கொள்ளும். 515 அளவில் வைத்துக்கொண்டால் நிம்மதி.)

பயிற்சி: வெள்ளைத் தாள். குறியே வேண்டாம். ட்ரை ஃபயர் 20 முறை, ஃப்ரண்ட் சைட்டின் மேல்விளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டு. 'க்ளிக்' ஒலிக்கும்போது அந்த விளிம்பு துள்ளுகிறதா? துள்ளாத 20 கிடைத்தபின் அதே வெள்ளைத் தாளில் 10 குண்டு. குறி இல்லாதபோது கூட்டம் இறுகுகிறது, கருப்பு வட்டம் வந்ததும் சிதறுகிறது என்றால் விரலுக்கு ஒன்றும் இல்லை. 10 வேண்டும் என்ற ஆசைதான் விரலை இழுக்கிறது.

அறிகுறி: மேல்கீழாகக் கோடு

சுருக்கமாகப் பார்க்கலாம், காரணங்கள் சில்லறையானவை. மூச்சு: கை தூக்கும்போது உள்ளே இழுத்து, குறிப்பகுதிக்குள் இறக்கும்போது பாதியை விட்டு, மிச்சத்தோடு நிறுத்துங்கள். ஒரு முறை முழுசாக விட்டும் மறுமுறை நெஞ்சு நிறையவும் நின்றால் சைட்டின் உயரம் மாறும். தலை: டிரிகர் விடுபட்டவுடன் மானிட்டரைப் பார்க்கிற அவசரத்தில் தலையும் தோளும் எழும்பும். பெல்லட் விநாடிக்கு 150 மீட்டர் அளவில் போகிறது. எழும்பும் பழக்கம் வந்துவிட்டால் அது விடுபடும் கணத்துக்கு முன்பே தொடங்கும். 'க்ளிக்'குக்குப் பின் 2 விநாடி சைட்டைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். கண்: ஃப்ரண்ட் சைட்டின் விளிம்பு கூர்மையாகவும் கருப்பு வட்டம் மங்கலாகவும் தெரிய வேண்டும். வட்டம் கூர்மையாகத் தெரிகிற நாளில் மேல்கீழ்ப் பிழை நிச்சயம். ஒரு கண்ணை இறுக்கி மூடாதீர்கள், 30 மி.மீ. அகலம் வரை மறைப்புத்தாள் போட விதி அனுமதிக்கிறது.

உடம்பில் எதுவும் இல்லை, மாலைக்குள் குண்டு மெல்ல மெல்லத் தாழ்கிறது என்றால் காற்றுச் சிலிண்டரின் மீட்டரைப் பாருங்கள். பச்சைப் பகுதிக்குக் கீழே முள் இறங்கியிருக்கும். சிலிண்டரின் மேல் பொறித்த தேதியையும் அப்படியே பார்த்துவிடுங்கள். 10 ஆண்டு கடந்ததைப் போட்டியில் பயன்படுத்த விடமாட்டார்கள், வீட்டிலும் நிரப்பக் கூடாது. பெல்லட் நுழையும் இடத்து ரப்பர் வளையம் தேய்ந்தாலும் இதே மேல்கீழ்க் கோடு வரும்.

அறிகுறி: சைட் நன்றாக நின்றது, சுட முடியவில்லை, கடைசியில் சுட்டது 6

பிடிப்பு நீண்டுவிட்டது. கை குறிப்பகுதிக்கு வந்து 4, 5 விநாடியில் ஆட்டம் மிகக் குறைவாக இருக்கும். 8க்குப் பின் தசையும் கண்ணும் சேர்ந்து கெடும். கண் கெடுவதுதான் ஆபத்து: ஒரே படத்தை வெகுநேரம் பார்த்தபின் சைட் நகர்ந்தாலும் பழைய படமே தெரிந்துகொண்டிருக்கும். 8 விநாடியில் விடுபடவில்லை என்றால் இறக்கிவிடுங்கள். 60 குண்டுக்கு 75 நிமிடம் என்றால் ஒன்றுக்கு 75 விநாடி. இறக்கித் தூக்க நேரம் தாராளமாக இருக்கிறது. பயிற்சியில் வேண்டுமென்றே ஐந்தில் ஒன்றை இறக்கப் பழகினால் போட்டியில் கை தானாக இறங்கும்.

அறிகுறி: வேகச் சுற்றில் குண்டு மேலே போகிறது, பக்கத்தில் தப்புகிறது, அல்லது விளக்கு அணைந்தபின் வெடிக்கிறது

பெண்கள் 25 மீட்டர் பிஸ்டலில் துல்லியச் சுற்று 30 குண்டு, வேகச் சுற்று 30 குண்டு. வேகச் சுற்றில் 7 விநாடி சிவப்பு, 3 விநாடி பச்சை. அந்த 3 விநாடிக்குள் கையைத் தூக்கி ஒரு குண்டு. ஆண்களின் ரேபிட் ஃபயரில் ஐந்து குறிக்கு ஐந்து குண்டு, 8, 6, 4 விநாடிகளில். லண்டன் 2012இல் விஜய் குமார் வெள்ளி வென்றது இதில்தான். இரண்டிலும் தயார் நிலையில் கை செங்குத்துக் கோட்டிலிருந்து 45 டிகிரிக்குள் தாழ்ந்திருக்க வேண்டும்.

நேரப் பங்கீட்டிலிருந்து தொடங்குங்கள். 3 விநாடியில் விளக்கைக் கண்டு அசைய 0.3, தூக்க 0.9, சைட்டைச் சரிபார்த்து அழுத்த 1.1, மிச்சம் 0.7 கையிருப்பு. தாமதமாகச் சுடுபவர்கள் தூக்குவதை வேகப்படுத்தப் பார்ப்பார்கள். பெரும்பாலும் நேரம் போவது தூக்கிய பின், சைட்டை இரண்டாம் முறை, மூன்றாம் முறை சரிபார்ப்பதில். கைபேசியில் மெதுவேக வீடியோ எடுத்து எங்கே போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மேலே போனால் இரண்டில் ஒன்று. கை குறியைத் தாண்டி ஏறிவிட்டு இறங்கும் முன்பே டிரிகர் விடுபட்டிருக்கும். அல்லது தோள் தூக்கும் முன் மணிக்கட்டு மூக்கைத் தூக்கியிருக்கும். முழங்கையும் மணிக்கட்டும் பச்சை விளக்குக்கு முன்பே பூட்டியிருக்க வேண்டும். அசைவது தோள்மூட்டு மட்டும், கிணற்றுத் துலாபோல. ஆரம்பத்தில் வேகம், கடைசி 15 செ.மீ.யில் மெதுவாகி, குறிப்பகுதிக்குள் கீழிருந்து நுழைந்து நிற்பது. 'நிறுத்துவது' என்று ஒரு தனிச் செயல் இருக்கக் கூடாது. பஸ் ஸ்டாப்புக்கு வரும் நல்ல டிரைவர்போல வேகம் தானாகத் தேய வேண்டும். டிரிகரின் முதல் கட்டம் கை மூன்றில் இரண்டு பங்கு ஏறும்போதே போய்விட வேண்டும். 25 மீட்டர் பிஸ்டலில் டிரிகர் குறைந்தது 1000 கிராம் என்பதால், கை நின்றபின் முழு எடையையும் தொடங்கினால் நேரம் போதாது.

பக்கத்தில் தப்பினால் கை நேராக ஏறவில்லை, வில்போல வளைந்து ஏறுகிறது. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்று போதும் இதைக் கண்டுபிடிக்க. வெற்றுச் சுவரில், கண் மட்டத்துக்கு மேலிருந்து நூலைத் தொங்கவிடுங்கள். நாலைந்து அடி தள்ளி நின்று, காலிப் பிஸ்டலோடு, நூலின் அடியில் தொடங்கி மேல்வரை ஃப்ரண்ட் சைட் நூலை மறைத்துக்கொண்டே ஏற வேண்டும். முதல் நாள் நூல் நடுவில் இரண்டு இடத்தில் வெளியே எட்டிப்பார்க்கும். அந்த இரண்டு இடத்திலும் தோள் காதை நோக்கி உயர்கிறதா, உடம்பு பின்னால் சாய்கிறதா என்று கவனியுங்கள். உடம்பின் ஈடுகட்டும் சாய்வைக் கை தாழ்ந்திருக்கும்போதே எடுத்துவிட்டால் தூக்கும்போது இடுப்பு அசையாது. பாதத்தின் திசையைக் கண்மூடிச் சோதனையில் கை உயர்ந்த நிலையில் சரிபார்த்த பிறகே கையை 45 டிகிரிக்கு இறக்குங்கள். தாழ்ந்த கையோடு சரிபார்த்தது உயரும்போது பொருந்தாது.

தலையும் கண்ணும் எங்கே? தலை ஏற்கெனவே நிமிர்ந்து இறுதி நிலையில். பார்வை குறிப்பகுதியில் காத்திருக்கட்டும். சைட் பார்வைக்குள் கீழிருந்து ஏறிவரும். வந்ததும் கவனம் ஃப்ரண்ட் சைட்டுக்கு மாறும். சைட்டைத் தரையிலிருந்தே கண்ணால் துரத்திக்கொண்டு வருபவர்களுக்குத் தலையும் சேர்ந்து ஏறும்.

இதைக் குண்டு இல்லாமல் 50 முறை செய்யுங்கள், ஆனால் பத்துப் பத்தாக, இடையில் ஒரு நிமிடம் விட்டு. முதல் பத்தில் டிரிகரைத் தொடவே வேண்டாம்; தூக்கி, நின்று, சைட் நேராக வந்ததா என்று மட்டும் எழுதுங்கள். பத்தில் எட்டு நேராக வராதவரை வேகத்தைக் கூட்டுவதில் பயனில்லை.

வீட்டில் செய்வதென்றால்

10 மீட்டர் எந்த ஃப்ளாட்டிலும் கிடைக்காது. 5 மீட்டர் கிடைத்தால் குறியைப் பாதியாக அச்சிடுங்கள்: கருப்பு வட்டம் 30 மி.மீ. சுவரில் எந்த உயரம் என்பதில் பலர் தவறுவார்கள். ரேஞ்சில் குறியின் மையம் தரையிலிருந்து 140 செ.மீ.; உங்கள் கண் 155 செ.மீ. உயரத்தில் இருந்தால், 5 மீட்டரில் பார்வைக்கோடு 147.5 செ.மீ. உயரத்தில் கடக்கும். 140இலேயே ஒட்டினால் கை தாழ்ந்து பழகி, ரேஞ்சுக்குப் போனதும் முதல் பத்துக் குண்டு புதிராக இருக்கும். காலில் ரேஞ்சில் போடும் அதே ஷூ. வெறுங்காலோடு கண்டுபிடித்த பின்கால் இடம் ஷூவுக்குப் பொருந்தாது. சுவருக்குப் பின்னால் பக்கத்து வீடோ நடைபாதையோ இருந்தால் வேறு சுவரைத் தேர்ந்தெடுங்கள், பிஸ்டல் காலிதான் என்றாலும். முழங்கை நடுங்க ஆரம்பித்ததும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அதற்குப் பின் செய்கிற ஒவ்வொன்றும் நடுங்கும் கையைத்தான் பழக்குகிறது.